ஒரு குழாயில் எத்தனை வயர்?

மலையகத்தில் ஒரு லயன் எரிந்தால், "மின்னொழுக்கு" என்ற ஒற்றைச் சொல்லோடு விஷயம் முடிந்துவிடுகிறது. ஒழுக்கு எங்கே, ஏன் ஏற்பட்டது என்று எவரும் கேட்பதில்லை. பசறை, லுணுகலை, ஹாலிஎல, ஹப்புத்தளைத் தோட்டங்களில் உள்ள நமது தலைவர்மாரும் தலைவிமாரும் இனிக் கேட்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

நமது லயன்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடங்கள். மின்சாரம் பின்னால்தான் வந்தது. முதலில் ஒரு பல்ப். பிறகு டிவி, அயன், ரைஸ் குக்கர், கேத்தல். ஒவ்வொன்றுக்கும் புது வயர் வந்தது. குழாய் மட்டும் பழையதே. இடம் இருக்கும்வரை அதற்குள்ளேயே திணித்தார்கள்.

எத்தனை வயர் போகலாம் என்பதற்குக் கணக்கு உண்டு. மூன்றும் அதற்கு மேலும் வயர்கள் போனால், குழாயின் உள்ளிடத்தில் நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் அடைக்கக்கூடாது என்கிறது அமெரிக்க விதி. நம் நாட்டு வயரிங் தழுவும் பிரித்தானிய முறையிலோ வளைவு கூடக்கூட எண்ணிக்கை இன்னும் குறையும். 20 மி.மீ. குழாயின் உள்விட்டம் சுமார் 16 மி.மீ. 16ஐ 16ஆல் பெருக்கினால் 256. அதில் 40 சதவீதம் 102. பிளக்கிற்குப் போகும் 2.5 வயர் உறையோடு சுமார் 4 மி.மீ. தடிப்பு, நாலு நாலு 16. 102இல் 16 ஆறு தடவை போகும். ஆக ஆறு வயர். ஒரு இணைப்புக்கு லைவ், நியூட்ரல், எர்த் என மூன்று வேண்டுமென்றால், இரண்டு இணைப்புகள், அவ்வளவுதான். சாதாரண தரம் படிக்கும் நம் பிள்ளைகள் போட்டுத்தரும் கணக்கு இது.

மீறினால் என்ன? இழுக்கும்போதே வளைவில் உறை உரிகிறது. அதைவிட மோசமானது சூடு. தனியாகப் போனால் 24 அம்பியர் தாங்கும் வயர், ஒரே குழாயில் மூன்று இணைப்புகள் சேர்ந்தால் 17க்கும் குறைவாகவே தாங்கும். ஆனால் பெட்டியில் இருப்பது 20 அம்பியர் பிரேக்கர் என்றால் அது விழாது. வயர்தான் மெல்ல மெல்ல வேகும். "ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே" என்பார்கள். அது ஒழுக்கைப் பிடிக்கும், அளவுக்கு மிஞ்சிய சுமையைப் பிடிக்காது.

கேத்தல் வைத்தது தொழிலாளியின் குற்றம் என்று சொல்ல நாம் இடம் கொடுக்க மாட்டோம். வேலைக்குப் போகுமுன் தேநீர் வைப்பது குற்றமா? ஒரே கூரையின் கீழ் தொடராக இருக்கும் காம்பராக்களில், ஒன்றில் பிடித்த தீ மற்றவற்றுக்கும் பரவும் என்பது நிர்வாகத்துக்குத் தெரியாததல்ல. லயன் கட்டடமும் அதன் வயரிங்கும் நிர்வாகத்தின் பொறுப்பு.

எனவே லயன்களுக்குத் தகுதி பெற்ற மின்னியலாளரைக் கொண்டு வயரிங் பரிசோதனை நடத்தி, அறிக்கையைத் தோட்டக் கமிட்டிக்குத் தர வேண்டும் எனக் கோருகிறோம். புதிதாக எழும் வீடுகளில், சுவரைப் பூசி மறைக்குமுன் வீட்டுக்காரர் குழாயைப் பார்க்கட்டும், வயரை எண்ணட்டும். ஆறுக்கு மேல் இருந்தால் அன்றே கமிட்டித் தலைவரிடம் சொல்லுங்கள். பூசிய பிறகு சுவரை உடைக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.