மருந்துச் சட்டையைத் துவைப்பது யார் வேலை?

சென்ற மாதம் தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் எங்கள் மாதர் தலைவி எழுந்து, "மருந்து அடிக்கிறவங்க உடுப்ப ஸ்டோர்லயே கழுவ வழி செய்யச் சொல்லிக் கேக்கணும்" என்றார். பின்னால் இருந்த இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். "சம்பளம் பேச வந்த இடத்துல துணி துவைக்கிற கதையா?" என்று ஒருவர் கேட்டும் விட்டார். நானும் அன்று வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

புல்லுக்கு மருந்து அடிக்கும் தோழர் 16 லீற்றர் டேங்கை முதுகில் சுமக்கிறார். மூடி வழிந்து முதுகு நனையும். அடித்த புல்லிலேயே நடப்பதால் முழங்கால் வரை நனையும். அந்தச் சட்டையோடுதான் லயத்துக்கு வருகிறார். ஒரே காம்பரா. சட்டை ஆணியில் தொங்குகிறது, பக்கத்தில் பிள்ளையின் ஏணை. மறுநாள் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் மனைவி அதைப் பீலிக்கு எடுத்துப் போகிறார். பிள்ளைகளின் வெள்ளைச் சீருடையும் அதே பேசினில்தான் ஊறுகிறது. கையுறை அடிக்கிறவருக்கே ஒழுங்காகக் கிடையாது, துவைக்கிறவருக்கு எங்கே?

கிளைபோசேட்டை 2015இல் தடை செய்தார்கள். தேயிலைக்கும் இறப்பருக்கும் 2018இல் மீண்டும் அனுமதித்தார்கள். இடையில் எவ்வளவு வாதம்! விளைச்சல் குறைகிறது என்றார்கள், சிறுநீரகம் கெடுகிறது என்றார்கள். மருந்து பட்ட துணியைத் துவைக்கிற பெண்ணைப் பற்றி, நான் வாசித்த வரையில், ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை.

வீட்டில் துவைத்தே ஆக வேண்டுமென்றால் அன்றைக்கே துவைக்க வேண்டும். நாள் போகப் போக மருந்து நூலோடு ஒட்டிக்கொள்ளும். வேறு துணியோடு சேர்க்கவே கூடாது. முதலில் தண்ணீரில் தனியாக அலசிவிட்டு, பிறகு சுடுதண்ணீரும் நிறையச் சவர்க்காரத் தூளும் போட்டு, கையுறையோடு துவைக்க வேண்டும். ஒரு தடவை போதாது, இரண்டு தடவை. அந்த வாளி வேறு எதற்கும் ஆகாது. வெயிலில் காயப்போட வேண்டும், அடுப்புக்கு மேல் கொடியில் அல்ல. கலக்காத மருந்து கொட்டி ஊறிய சட்டையை எவ்வளவு துவைத்தாலும் பயனில்லை, எறிந்துவிட வேண்டும்.

எழுதும்போதே எனக்குத் தெரிகிறது, இதில் பாதி லயத்தில் நடக்காது. சுடுதண்ணீருக்கு விறகு வேண்டும். ஆடி மழையில் வெயில் எங்கே? அலசிய தண்ணீரை எங்கே ஊற்றுவது? நம் பீலியில் இருந்து வழிவது கீழ் லயத்து மரக்கறிப் பாத்திக்கல்லவா போகிறது?

ஆகவே இது வீட்டு வேலை அல்ல, தோட்டத்தின் வேலை. மருந்தை வாங்குவது நிர்வாகம், அடிக்கச் சொல்வதும் நிர்வாகம். உடுப்பைக் கழுவும் செலவு மட்டும் ஏன் நம் சவர்க்காரத்திலும் நம் பெண்களின் கையிலும் விழ வேண்டும்? மருந்து அடிக்கும் ஒவ்வொருவருக்கும் இரண்டு சோடி உடுப்பு, ஸ்டோர் பக்கத்தில் குளித்து உடுப்பு மாற்ற ஓர் இடம், அங்கேயே கழுவ ஒரு தொட்டி. குளித்து மாற்றும் நேரம் வேலை நேரத்தில் சேர வேண்டும். இது ஆசைப் பட்டியல் இல்லை. சர்வதேச தொழில் அமைப்பின் 1958ஆம் ஆண்டுப் பெருந்தோட்ட உடன்படிக்கை, தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரத்திலேயே கழுவும் வசதியையும் தண்ணீர் வசதியையும் சேர்த்திருக்கிறது. அதை ஏற்றுக்கொண்ட நாடுகளில் இலங்கையும் ஒன்று. வீட்டுத் துணிக்கே அந்த வசதி உரிமையென்றால், விஷம் பட்ட துணிக்குக் கேட்பதில் என்ன வெட்கம்?

ஆண் தோழர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும், கோபிக்காதீர்கள். தொட்டி வரும் வரை மருந்துச் சட்டையை நீங்களே துவையுங்கள். முதுகில் சுமக்க முடிந்த கைக்கு அதை அலசவும் முடியும். சிரித்தவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அடுத்த கூட்டத்தில் இந்தக் கோரிக்கையை எழுத்தில் வைக்கிறோம். மருந்து அடிக்கிறவர்கள், நிர்வாகம் உங்களுக்குக் கடைசியாக எப்போது உடுப்பும் கையுறையும் தந்தது, வேலை முடிந்து எங்கே உடுப்பு மாற்றுகிறீர்கள் என்று அதற்கு முன் தோட்டத் தலைவரிடமோ மாதர் தலைவியிடமோ சொல்லிவிடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பாடசாலை விட்ட பிறகு என்னிடம் வாருங்கள், நான் எழுதித் தருகிறேன்.