பிள்ளையைச் சேர்க்க வரும் தாயிடம் முதலில் என்ன கேட்கிறார்கள்?

2023 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தனியார் துறைத் தாய்மார்களின் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. தொழிலாளர் அமைப்புகளும் பெண்கள் அமைப்புகளும் பல ஆண்டுகள் குரல் கொடுத்துப் பெற்ற உரிமை இது. வரவேற்போம். ஆனால் 99-ஆவது நாள் காலையில் என்ன நடக்கிறது என்று யாராவது கேட்டார்களா?

கேமரன் மலையின் வடகோடியில் இருக்கிறது கம்போங் ராஜா. தேயிலை மலையிலும், காய்கறித் தோட்டங்களிலும், பூந்தோட்டங்களிலும் கூலிக்கு நிற்கும் நம் குடும்பங்களுக்கு அங்கே பொழுது சீக்கிரம் விடிகிறது. குளிர் விலகும் முன்பே வேலைக்குக் கிளம்ப வேண்டும். கெமாஸ் தாபிகாவும் அரசாங்கப் பாலர் பள்ளியும் நான்கு வயதுக்குப் பிறகுதான் பிள்ளையை எடுக்கும். தாயின் விடுப்போ மூன்று மாதத்தில் முடிந்துவிடுகிறது. நடுவில் மூன்றே முக்கால் ஆண்டு. இந்த மூன்றே முக்கால் ஆண்டு நம் பிள்ளை யார் கையில் இருக்கிறது? இதுதான் கேள்வி.

"பாட்டி பார்த்துக்கொள்வாள்" என்பார்கள். எல்லா வீட்டிலும் பாட்டி இல்லை. இருக்கும் பாட்டியும் பல வீடுகளில் இன்னும் வேலைக்குப் போகிறாள். "தாய் வீட்டிலேயே இருக்கட்டுமே" என்பார்கள். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். அந்த ஒரு சம்பளத்தில் வீட்டு வாடகை, அரிசி, பருப்பு, மருந்து, பெரிய பிள்ளையின் பள்ளிச் செலவு எல்லாம் போக என்ன மிஞ்சும் என்று சொல்லிவிட்டு அந்த அறிவுரையைச் சொல்லட்டும்.

ஆயாக் கொட்டகை

நம் பெற்றோர் காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் ஆயாக் கொட்டகை இருந்தது. அது சொர்க்கம் என்று நாம் பொய் சொல்ல வேண்டாம். ஒரு ஆயா, வரிசையாக ஏணைகள், கை கொள்ளாத பிள்ளைகள், விளையாட்டுச் சாமான் கிடையாது. பிள்ளை அழாமல் கிடந்தால் போதும், தாய் வேலைக்கு வந்தால் போதும் என்பதே துரைமார்களின் கணக்கு.

ஆனாலும் அந்தக் கொட்டகைக்கு மூன்று நல்ல குணங்கள் இருந்தன. பெரட்டுக்கு முன்பே அது திறந்தது. படிவம் கேட்கவில்லை. ஆயா நம் மொழியில் பேசினாள். தாயை அவளுக்குத் தெரியும், தாயின் தாயையும் தெரியும்.

பிறகு தோட்டங்கள் கைமாறின, துண்டாடப்பட்டன. நம்மவர்கள் வெளியேற்றப்பட்டார்கள் அல்லது தாங்களாகவே வெளியேறினார்கள். தேயிலை மலைகளில் இன்று வங்காளதேசி, நேப்பாளி, இந்தோனேசியத் தொழிலாளர்கள் பெருகிவிட்டார்கள். பல இடங்களில் ஆயாக் கொட்டகையும் போனது. அதன் இடத்தில் இப்போது நாம் நாட வேண்டியது பதிவு பெற்ற தாஸ்கா. சுத்தம் உண்டு, பாதுகாப்பு உண்டு, பயிற்சி பெற்றவர்கள் உண்டு. இவை வேண்டும்தான். ஆனால் அந்தப் பழைய மூன்று குணங்களையும் தூக்கி எறிந்துவிட்டுத்தான் இவற்றைப் பெற வேண்டுமா?

சட்டம் நம் பக்கம் இருக்கிறது

தோழர்களே, இது யாரிடமும் கையேந்தும் விஷயம் அல்ல.

1984-ஆம் ஆண்டு குழந்தைப் பராமரிப்பு நிலையச் சட்டப்படி, கட்டணம் பெற்றுக்கொண்டு நான்கு வயதுக்குட்பட்ட நான்கு பிள்ளைகளையோ அதற்கு மேலோ பார்த்துக்கொள்ளும் இடம் சமூகநல இலாகாவில் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஒரு வயதுக்குக் கீழே மூன்று பிள்ளைக்கு ஒரு பராமரிப்பாளர். ஒன்று முதல் மூன்று வயது வரை ஐந்து பிள்ளைக்கு ஒருவர். மூன்று முதல் நான்கு வயது வரை பத்துப் பிள்ளைக்கு ஒருவர். இந்தக் கணக்கை ஒவ்வொரு தாயும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். நிலையத்துக்குள் கால் வைத்ததும் எண்ணிப் பாருங்கள்.

1990-ஆம் ஆண்டு தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் சட்டம் தொழிலாளர்களுக்கான குடியிருப்போடு குழந்தைப் பராமரிப்பு இல்லத்தையும் சேர்த்தே பேசுகிறது. முதலாளியின் கருணை என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தது சட்டத்தில் எழுதப்பட்ட கடமை.

1995-இல் மலேசியா ஐ.நா. சிறார் உரிமை உடன்படிக்கையில் இணைந்தது. வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகள் பராமரிப்பு வசதிகளைப் பெறும் உரிமையை அதன் 18-ஆவது விதி சொல்கிறது. சில விதிகளை ஏற்க மாட்டோம் என்று ஒதுக்கிவைத்த அரசாங்கம், இந்த விதியை ஒதுக்கவில்லை. ஏற்றுக்கொண்டது.

கடல் தாண்டியும் பாருங்கள். வால்பாறையிலும் நீலகிரியிலும் தேயிலை பறிக்கும் நம் சகோதரிகளுக்கு 1951-ஆம் ஆண்டு இந்தியத் தோட்டத் தொழிலாளர் சட்டம் அளவுகோல் வைத்தது. 50 பெண் தொழிலாளர்கள் இருந்தால், அல்லது அவர்களின் பிள்ளைகள் 20 பேர் இருந்தால், நிர்வாகம் குழந்தைக் காப்பகம் நடத்த வேண்டும் என்று அது சொன்னது. இலங்கை மலையகத்தில் பிள்ளை மடுவம் என்று சொன்னதை இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்கிறார்கள். அங்கேயும் குறைகள் ஏராளம். ஆனால் தேயிலைத் தோட்டம் என்றால் பிள்ளைக்கு ஓர் இடம் வேண்டும் என்பது எங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட நியாயம்.

முதல் கேள்வி: "சூராட் பெரானா இருக்கா?"

சரி, ஒரு நிலையம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போகிறாள். முதல் கேள்வியே பத்திரம்தான். பிறப்புப் பத்திரம், மைகிட், தாய் தந்தையின் அடையாள அட்டை, திருமணப் பத்திரம், சம்பளச் சீட்டு.

நம் சமூகத்தில் எத்தனை குடும்பங்கள் இந்த இடத்திலேயே திரும்பி நடந்திருக்கின்றன! காரணம் அலட்சியம் மட்டுமல்ல. 1982 மார்ச்சுக்குப் பிறகு முஸ்லிம் அல்லாதார் திருமணம் பதிவு செய்யப்பட வேண்டும். கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்ட குடும்பங்கள் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் தாய்க்குக் குடியுரிமை இல்லை என்றால், தந்தை நீல அடையாள அட்டைக்காரராக இருந்தும் பிள்ளைக்குக் குடியுரிமைச் சிக்கல் வந்துவிடுகிறது. குழந்தை பிறந்த 60 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் தாமதப் பதிவு என்று அலைய வேண்டும். கம்போங் ராஜாவிலிருந்து தானா ராத்தா போய் வர ஒரு நாள் கூலி போய்விடும். விடுமுறைக் காலச் சாலை நெரிசலைச் சொல்லவே வேண்டாம்.

பத்திரம் தேவையில்லை என்று நாம் சொல்லவில்லை. பத்திரம் உயிர் போன்றது. ஆனால் பத்திரத்தை வாசலில் பூட்டாகத் தொங்கவிடாதீர்கள் என்கிறோம். பெற்றோரில் ஒருவராவது மலேசியராக இருந்தால், பத்திர வேலை நடக்கும்போதே பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கலாம் என்ற தளர்வை 2019-இல் கல்வி அமைச்சு கொண்டுவந்தது. ஏழு வயதுப் பிள்ளைக்குக் கிடைக்கும் நியாயம் ஏழு மாதக் குழந்தைக்கு ஏன் கிடைக்கக் கூடாது? முதலில் பிள்ளையை உள்ளே எடுங்கள். பிறகு அதே நிலையம் தாயைப் பதிவு இலாகாவுக்கு வழிகாட்டட்டும். இரண்டு வயதில் கண்டுபிடித்துச் சரிசெய்யும் பத்திரச் சிக்கல், பன்னிரண்டு வயதில் அடையாள அட்டை எடுக்கும்போது பூதமாக வந்து நிற்காது.

முதலில் கேட்க வேண்டியது வேறு கேள்விகள். பிள்ளையை வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்கள்? எதைச் சாப்பிடும், எதைச் சாப்பிடாது? மாட்டிறைச்சி சேராத வீடா, சைவமா? எப்படித் தூங்கும், ஏணையிலா பாயிலா? கிளினிக் புத்தகத்தில் எந்த ஊசி வரை போட்டிருக்கிறது? மாலையில் யார் வந்து அழைத்துப் போவார்கள், யாரிடம் கொடுக்கவே கூடாது? நெற்றி மையும் அரைஞாண் கயிறும் அழுக்கு அல்ல, தாயின் வேண்டுதல் என்று தெரிந்தவர் அந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும். படிவம் மலாயில் இருக்கட்டும், அது தேசிய மொழி. ஆனால் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்ற தாய்க்கு அதைத் தமிழில் படித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். புரியாமல் போடும் கையெழுத்து சம்மதம் ஆகாது.

முதல் வாரம்

பிள்ளையை வாசலில் பிடுங்கிக்கொண்டு "நீ போ, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும்" என்பது நம் ஊர் வழக்கம். அடங்கும்தான். அழுது களைத்துப்போய் அடங்கும். அது பழகுவது ஆகாது.

ஜெர்மனியில் பெர்லின் முறை என்று ஒன்று 1980-களில் உருவானது. முதல் மூன்று நாள் தாயோ தந்தையோ பிள்ளையுடன் கொஞ்ச நேரம் நிலையத்திலேயே இருப்பார்கள். நான்காம் நாள்தான் முதல் முறையாகச் சில நிமிடம் பிரிந்து பார்ப்பார்கள். பிள்ளை புதிய முகத்திடம் ஆறுதல் பெறத் தொடங்கிய பிறகே நேரத்தைக் கூட்டுவார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கொழுந்தைக் கிலோ கணக்கில் நிறுத்துக் கூலி வாங்கும் தாய் மூன்று நாள் உட்கார்ந்திருந்தால் மூன்று நாள் கூலியை யார் கொடுப்பது?

இங்கேதான் வரவேற்பு என்பது புன்னகை விஷயம் அல்ல, கூலி விஷயம் என்று புரிகிறது. விடுப்பு முடியும் முன்பே, அந்த 98 நாளின் கடைசி வாரத்தில் பழக்கத் தொடங்கலாம். நிலையங்கள் அதற்குக் கட்டணம் வாங்காமல் இடம் கொடுக்க வேண்டும். தாய்க்கு முடியாவிட்டால் பாட்டியோ தந்தையோ உட்காரட்டும். நிர்வாகம் முதல் வாரத்தில் இரண்டு அரை நாளையாவது கூலியோடு விட வேண்டும். இதெல்லாம் நிர்வாகத்தைக் கவிழ்த்துவிடும் செலவா?

அதேபோல் நேரம். அலுவலக நேரத்துக்குத் திறக்கும் நிலையம் அலுவலகக்காரர்களுக்கானது. வேலைக்கு ஆள் கூப்பிடும் நேரத்துக்கு முன்பு திறக்காத தாஸ்கா, எவ்வளவு அழகாக வர்ணம் பூசியிருந்தாலும், தோட்டத்துத் தாய்க்குப் பூட்டிய கதவுதான்.

மொழி அங்கேதான் பிழைக்கும்

நியூசிலாந்தின் மாவோரி மக்கள் தங்கள் மொழி அழிவதைக் கண்டு முதலில் எதைத் தொடங்கினார்கள் தெரியுமா? பல்கலைக்கழகம் அல்ல. 1982-இல் கோஹங்கா ரேயோ என்ற குழந்தைப் பராமரிப்பு நிலையத்தைத் தொடங்கினார்கள். "மொழிக்கூடு" என்று பொருள். கைப்பிள்ளைகளோடு பெரியவர்கள் மாவோரியில் பேசினார்கள். குடும்பங்களே நடத்தின. அங்கிருந்துதான் மாவோரிப் பள்ளிகள் முளைத்தன.

நாமோ தலைகீழாகப் போகிறோம். 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530-க்கும் குறைவு. ஏழு வயதில் பிள்ளை தமிழ்ப்பள்ளிக்கு வரவில்லையே என்று மேடையில் அழுகிறோம். மூன்று வயதில் அதனிடம் யார் தமிழ் பேசினார்கள் என்று கேட்பதில்லை. பராமரிப்பு நிலையத்தில் ஒருவராவது தமிழ் தெரிந்தவர் இருக்க வேண்டும் என்பது இனவாதம் அல்ல. வயிறு வலிக்கிறது என்று ஒரு குழந்தை சொன்னால் புரிந்துகொள்ள ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். இதே நியாயம் அந்த மலையின் ஓராங் அஸ்லி பிள்ளைக்கும் உண்டு. நமக்கு மட்டும் என்று நாம் கேட்கவில்லை.

நாம் கேட்பவை

ஒன்று: தோட்ட, காய்கறித் தோட்ட முதலாளிகள் 1990 சட்டத்தின் கடமையைக் கட்டடமாகக் காட்ட வேண்டும். தனித்தனியாகப் பிள்ளைகள் குறைவு என்றால் சேர்ந்து ஒன்று நடத்தட்டும்.

இரண்டு: அரசாங்க ஊழியர்களுக்குத் தாஸ்கா கட்டண உதவித் தொகையாகப் பிள்ளைக்கு மாதம் 180 ரிங்கிட் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதைவிடக் குறைவாகச் சம்பாதிக்கும் தோட்டத் தொழிலாளியின் பிள்ளை மட்டும் என்ன பாவம் செய்தது? அவர்களுக்கும் வேண்டும்.

மூன்று: வீட்டில் நாலைந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காமார்களை இலாகா அதட்டக் கூடாது. பத்துக்கும் குறைவான பிள்ளைகளுக்கு வீட்டுத் தாஸ்கா என்ற பதிவு இருக்கிறது. பயிற்சி கொடுத்து அந்தப் பதிவைப் பெற்றுத் தரட்டும். நம் ஊரின் அடுத்த ஆயா அவர்களில் ஒருவராக இருக்கலாம், இந்த முறை பயிற்சியோடும் முறையான சம்பளத்தோடும்.

நான்கு: பத்திரம் இல்லாத பிள்ளையை முதலில் சேர்த்து, பிறகு பத்திரம் எடுத்துத் தர வேண்டும்.

கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதியில் 2019-இல் இடைத்தேர்தல் வந்தபோது தலைவர்கள் மலையேறி வந்தார்கள். அடுத்த முறையும் வருவார்கள். அரிசி மூட்டையை வாங்கிக்கொண்டு கைதட்டாதீர்கள். "எங்கள் பிள்ளையை விட இடம் எங்கே? அது எத்தனை மணிக்குத் திறக்கும்?" என்று கேளுங்கள்.

அதற்கு முன் இந்த மாதமே ஒரு வேலை செய்யலாம். உங்கள் வரிசையில் நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை, எத்தனை பேருக்குப் பத்திரம் இல்லை, தாய்மார் எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். கையெழுத்துப் போட்டு நிர்வாகத்துக்கு ஒன்று, சமூகநல இலாகாவுக்கு ஒன்று, நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒன்று கொடுங்கள். ஒரு நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாயால் கேட்டதை மறந்துவிட்டோம் என்பார்கள். முத்திரை குத்திய தாளை மறக்க முடியாது.