பத்தொன்பது பேர் வேலை செய்யும் தறிக்கூடம்

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. நிலையாணைக்கு 300 பேர் என்ற வரம்பையும் ஒப்பந்தத் தொழிலாளர் விதிகளையும் பற்றித் தொழிற்சங்கங்கள் பேசிவருகின்றன, பேச வேண்டியவைதான். பாதுகாப்பு அலுவலர்களும் தொழில்சார் மருத்துவர்களுமான நாம் கவலைப்பட வேண்டியது வேறொன்று. மின்விசை உள்ள இடத்தில் 10 பேர் இருந்தாலே தொழிற்சாலை என்ற நிலை மாறி, இனி 20 பேர் வேண்டும். திருத்தணி, பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு, அம்மையார்குப்பம், எல்லைக்கு அப்பால் நகரி, புத்தூர் என நீளும் விசைத்தறி வட்டாரத்தில் இடைப்பட்ட அளவிலான கூடங்கள் இதனால் தொழிற்சாலை என்ற பெயரையே இழக்கின்றன.

ஆள் குறைந்தால் ஆபத்தும் குறையும் என்பது ரசாயன ஆலைக்கு ஓரளவு பொருந்தலாம். நாடா அடிக்கும் தறிக்குப் பொருந்தாது. தகரக்கூரையின் கீழ் பத்துத் தறிகள் ஒன்றாக ஓடினாலே சத்தம் 90 டெசிபலைத் தாண்டிவிடும். 90 என்றால் 8 மணி நேரம், 95 என்றால் 4 மணி நேரம் என்பது நாம் அறிந்த கணக்கு. இங்கே ஷிப்டே 12 மணி நேரம். ஆடியோகிராமில் 4000 ஹெர்ட்ஸில் விழும் பள்ளத்துக்கு அந்தக் கூடத்தில் எத்தனை பேர் என்று தெரியாது. 12 மணி நேர வேலைக்கு வழிசெய்த திருத்தத்தை 2023 மே தினத்தில் திரும்பப் பெற்ற தமிழக அரசு, அதே 12 மணி நேரம் அன்றாட வழக்கமாக இருக்கும் கூடங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கூடத்தின் உரிமையாளரே கூலி நெசவுக்காரர், அவர் தலையில் சட்டத்தைச் சுமத்தலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் காதடைப்பானுக்கு ஆகும் செலவு பாவு நூலின் விலையோடு ஒப்பிட ஒன்றுமே இல்லை. ஆண்டுக்கொரு செவிப் பரிசோதனையை அரசு மருத்துவமனையிலேயே நடத்தலாம். சிதறிக் கிடக்கும் கூடங்களைக் கண்டுபிடிக்க முடியாது என்ற அதிகாரிகளின் பதிலைத்தான் ஏற்கவே முடியவில்லை. இரு மாதங்களுக்கு 1000 யூனிட் இலவச மின்சாரம் கொடுக்க ஒவ்வொரு தறிக்கூடத்தின் மீட்டரும் மின்வாரியத்துக்குத் தெரிகிறது. சலுகைக்குக் கண்ணில் படும் கூடம் ஆய்வு என்றதும் மறைந்துபோவது எப்படி? தொழிலாளி கிட்டத்தட்டச் செவிடான பிறகு இழப்பீட்டுக்கு அலையும்போது, எந்தப் பதிவேட்டிலும் அவர் பெயர் இருப்பதில்லை. இத்தனை ஆண்டுகளாக இதைச் சொல்லிச் சொல்லி நமக்கும் சலித்துவிட்டது.

நான்கில் பணிப் பாதுகாப்புக்கான தொகுப்பிலேயே இரண்டு வழிகள் உள்ளன. அபாயகரமான பணி என மத்திய அரசு அறிவித்தால் ஆள் எண்ணிக்கை வரம்பு பொருந்தாது. நாடா விசைத்தறியை அதில் சேர்க்கக் கோரித் தமிழக அரசு உடனே எழுத வேண்டும். மற்றொன்று நம் கையில் இருக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில், மூன்றாம் அட்டவணை நோயைக் காணும் மருத்துவர் அதைத் தலைமை ஆய்வாளருக்குத் தெரிவித்தாக வேண்டும். சத்தத்தால் வரும் செவித்திறன் இழப்பு அந்த அட்டவணையில் இருக்கிறது. திருத்தணி வட்டாரத்தில் காது கேட்கவில்லை என்று வரும் ஒவ்வொரு நெசவாளரிடமும் என்ன வேலை, எத்தனை ஆண்டுகள் என்று கேட்டு எழுதி, அந்த அறிக்கையை அனுப்புங்கள்.