மெல்லப் போனால் வலிக்காதா?

"ஒரேயடியாவா போகுது? கொஞ்சம் கொஞ்சமாத்தானே. பழகிடும்." பார்வையை மெல்லப் பறிக்கும் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா, சுருக்கமாக ஆர்.பி., என்று தெரிந்த அன்றே சொந்தக்காரர்கள் சொல்லத் தொடங்கிவிடும் ஆறுதல் இது. படித்தவர்களும் நம்புகிறார்கள். இதைவிடக் கெடுதலான ஆறுதலை நான் கேட்டதில்லை.

விபத்தில் பார்வை போனவரின் வலியைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு இழப்பு ஒரு நாளில் முடிந்துவிடுகிறது. மறுநாளிலிருந்து அவர் கற்றுக்கொள்வது எதுவும் வீணாவதில்லை. சுமார் 4,000 பேரில் ஒருவருக்கு வரும் இந்தப் பரம்பரை நோயில் அப்படி ஒரு மறுநாளே வருவதில்லை. பெரும்பாலும் மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் செல்கள்தான் விழித்திரையில் முதலில் சாகின்றன. பொழுது சாய்ந்தால் தடுமாற்றம். பிறகு பக்கப் பார்வை சுருங்கும். கடைசியில் நடுப்பார்வை. இதற்குப் பல பத்தாண்டுகள் ஆகலாம். எப்போது எவ்வளவு போகும் என்று எந்த மருத்துவராலும் நாள் குறிக்க முடியாது. இன்று பழகிய பார்வை அடுத்த பொங்கலுக்கு இருக்குமா என்றே தெரியாதவர் எதற்குப் பழகுவார்?

எனக்குத் தெரிந்த தையல்காரர் ஒருவர் தினமும் காலையில் நாள்காட்டிக்கு எதிரே ஒரே இடத்தில் போய் நிற்பார். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு தேதியைப் படிப்பார், பிறகு அடியில் பொடி எழுத்தில் இருக்கும் ராகுகாலத்தை. அடுத்து மறு கண். நேற்றுத் தெரிந்தது இன்றும் தெரிந்தால் மிஷின் ஓடும். சற்றுக் கலங்கினாலும் போதும், ராத்திரி தூக்கம் கெட்டதால்கூட இருக்கலாம், நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், ஊசியில் நூல் நுழையாது. வீட்டில் இதற்கு 'வீண் கவலை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

எது வீண்? பிழைப்பு போய்விடுமோ என்பதா, பிள்ளைகளுக்கும் வந்துவிடுமோ என்பதா? ஆர்.பி.யின் ஒரு வகையில் தாயும் தகப்பனும் கோளாறான மரபணுவைச் சுமந்திருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 25 சதவீத வாய்ப்பு உண்டு. சொந்தத்தில் கல்யாணம் செய்யும் நம் குடும்பங்களில் இப்படிச் சேர்வது அதிகம். பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும் என்று நோயையே மறைத்து வைக்கிறோம். மறைப்பவருக்கு எப்படித் தூக்கம் வரும்?

வெளியே போனால் வேறு அவமானம். அந்தியில் தடுக்கி விழுந்தால் குடிகாரன். வெள்ளைக்கோலை மடக்கி வைத்துவிட்டுப் பஸ்ஸில் செல்போனைப் பார்த்தால் நடிப்புக்காரன். நடுப்பார்வை மிஞ்சியவருக்குப் படிக்கத் தெரியும், பக்கத்தில் வரும் பைக் தெரியாது. பார்வைப் புலம் 40 பாகைக்குக் கீழே சுருங்கினாலே குறைபார்வை என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கிறது. பக்கத்து சீட்டுக்காரர் ஏற்பதில்லை.

இந்த நோய்க்கு 2017இல் அமெரிக்கா ஒப்புதல் தந்த மரபணுச் சிகிச்சை, ஆர்.பி.இ.65 என்ற ஒரே மரபணுவில் கோளாறு உள்ள சிலருக்குத்தான். மற்ற பெரும்பாலோருக்கு இன்னும் மருந்தில்லை. ஆனால் பதற்றத்துக்குச் சிகிச்சை இருக்கிறது: ஆலோசனை உண்டு, தேவைப்பட்டால் மாத்திரை உண்டு, பார்வை மிச்சமிருக்கும்போதே கோல் பிடித்து நடக்கும் பயிற்சி உண்டு. 'பழகிடும்' என்ற ஒற்றைச் சொல்தான் இவர்களை அங்கே போகவிடாமல் தடுக்கிறது. கண் மருத்துவர்களே, இதற்கு மருந்தில்லை என்று சொல்லும் அன்றே, ராத்திரி தூங்குகிறீர்களா என்றும் கேளுங்கள். மனநல ஆலோசகருக்கும் ஒரு சீட்டு எழுதிக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.