கிளட்ச் சிலிண்டரில் நான் மிச்சம் பிடித்த கதை

ஜனவரி மாதம், தில்லிக் குளிர். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வருகிறார்கள். பனிமூட்டத்தில் மணிக்கணக்காகத் தாமதமாகும் ரயில், அன்றைக்குப் பார்த்து நேரத்துக்கு வந்துவிட்டது. நான்தான் ஐ.டி.ஓ. சிக்னலில் நிற்கிறேன். மிதித்த கிளட்ச் பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றுவிட்டது. பின்னால் ஒரே ஹாரன் கச்சேரி. அங்கே ஹிந்தியில் ஒரு வார்த்தை தெரியாத எழுபது வயது அப்பா, பெட்டிகளோடு பிளாட்பாரத்தில் முக்கால் மணி நேரம் நடுங்கிக்கொண்டு நின்றார்.

தப்பு மெக்கானிக் மேல் இல்லை. என் மேல்தான். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

எட்டு மாதம் முன்பு இதே சாமான் ஒருமுறை போயிருந்தது. பெயர் ஸ்லேவ் சிலிண்டர். பெடலை மிதித்தால் மேலே இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைக் குழாய் வழியே தள்ளும். கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் ஸ்லேவ் அந்த அழுத்தத்தை வாங்கி கிளட்ச்சை விடுவிக்கும். அதன் ரப்பர் சீல் தேய்ந்தால் ஆயில் கசியும், காற்று புகும். ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். அப்புறம் மிதித்து என்ன பயன்?

காஷ்மீரி கேட் போனேன். கடைக்காரர் இரண்டு டப்பாவை எடுத்து வைத்தார். "யே கம்பெனி கா, யே லோக்கல்." கம்பெனி 3,600 ரூபாய், லோக்கல் 1,500. "கம்பெனியே வாங்கிடுங்களேன்" என்று தங்கமணி சொன்னாள். கேட்டால்தானே! 2,100 ரூபாய் மிச்சம் என்று பெருமையாக வீட்டுக்கு வந்தேன்.

யோசிக்காமல் விட்டது ஒன்றுதான். என் வண்டியில் அந்தச் சிலிண்டர் கியர்பாக்ஸ் கூட்டுக்குள், ஷாஃப்டைச் சுற்றி வளையம் மாதிரி உட்கார்ந்திருக்கும். அதைத் தொட கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். கூலி மட்டும் 4,500. இரண்டாம் முறை கூலியும் கம்பெனி சிலிண்டரும் சேர்ந்து 8,100. ஆயில் பட்டு வீணான கிளட்ச் பிளேட் தனிக் கணக்கு. இதுதான் நான் பிடித்த மிச்சம்!

அதற்காக எல்லாவற்றுக்கும் கம்பெனி டப்பாதான் வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அதுவும் ஒரு மூடநம்பிக்கைதான். கார் கம்பெனி எல்லா பாகத்தையும் தானே செய்வதில்லை. செய்து கொடுக்கும் பாக நிறுவனங்கள் பல, அதே தரத்தில் தங்கள் பெயரிலும் குறைந்த விலைக்கு விற்கின்றன. வெளிச்சந்தை என்றாலே டூப்ளிகேட் இல்லை. சில வண்டிகளில் ஸ்லேவ் சிலிண்டர் வெளியே, இரண்டு போல்ட்டில் தொங்கும். கழற்றி மாட்டுவது சின்ன வேலை. அங்கே பெயர் பெற்ற வெளிச்சந்தைப் பாகம் தாராளமாகப் போடலாம். உள்ளே இருந்தால் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கிளட்ச் பிளேட் மாற்ற கியர்பாக்ஸ் இறங்கும்போதே இதையும் மாற்றிவிடுங்கள். பாகத்தின் விலையை மட்டும் பார்க்காமல், அதை மாட்டும் கூலியையும் சேர்த்துப் பாருங்கள் என்பதே என் கட்சி.

பாஷை தெரியாத ஊரில் நம்மை ஏமாற்றுவது சுலபம். அதனால் டப்பாவில் தயாரிப்பாளர் பெயர், மாதம், வருடம், எம்.ஆர்.பி. எல்லாம் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். பில் வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி, புதியதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊற்றுவது மூடியில் போட்டிருக்கும் டாட் எண் கொண்ட பிரேக் ஆயில்தானா என்று பாருங்கள். வேறு எண்ணெய் ஊற்றினால் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். அந்த ஆயில் ஈரத்தை உறிஞ்சும், எனவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. பல கார்களில் கிளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே டப்பாதான். அளவு குறைந்தால் சும்மா ஊற்றி நிரப்பாமல், எங்கே கசிகிறது என்று தேடுங்கள்.

அப்பா அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஊருக்குக் கிளம்பும்போதுதான் மெதுவாகக் கேட்டார்: "ஏம்ப்பா, திரும்பி வரதுக்கு ஆட்டோவுலயே வந்துடட்டுமா?"

உங்கள் வண்டி அனுபவத்தையும் சொல்லுங்கள் மக்களே.