திறக்காத பெட்டிக்குள் கார் இல்லை

ரேஸ் கார் மாடல் சேர்ப்பவர்களில் ஒரு சாரார் மீது எனக்கு ரொம்ப நாளாகக் கோபம். 1:43 அளவில், அதாவது நிஜக் காரில் 43இல் ஒரு பங்காக, ஒரு டைகாஸ்ட் காரை வாங்குவார்கள். பிளாஸ்டிக் மூடியைக்கூடக் கழற்ற மாட்டார்கள். செங்கல் அடுக்குவது மாதிரி அப்படியே அலமாரியில் அடுக்கிவிடுவார்கள். கேட்டால், ‘பிரிச்சா வேல்யூ போயிடும்ங்க.’ அப்புறம் பெட்டியைப் படமெடுத்துப் போடுவார்கள். கவனியுங்கள், காரை இல்லை, பெட்டியை. அதைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் இப்போ என்ன ரேட் என்று கேட்பார்கள். அது எந்தக் கார் என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

எந்தக் கார் என்பதுதானே விஷயமே. சாலைக் காரின் மாடல் ஒரு ரகத்தைக் காட்டும். ரேஸ் கார் மாடல் ஒரு குறிப்பிட்ட நாளைக் காட்டும். சிவப்பு வெள்ளையில் 23 என்று எண் போட்ட போர்ஷே 917ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1970 ஜூன், லே மான் 24 மணி நேரப் பந்தயம். ஹான்ஸ் ஹெர்மனும் ரிச்சர்ட் அட்வுட்டும் மாறி மாறி ஓட்டினார்கள். 51 கார்கள் கிளம்பின. மழை கொட்டித் தீர்த்தது. கடைசியில் முடிவுப் பட்டியலில் இடம் பிடித்தவை 7. இதில் அட்வுட்டுக்குப் பொன்னுக்கு வீங்கி வேறு. லே மானில் போர்ஷேவின் முதல் ஒட்டுமொத்த வெற்றி அதுதான். ஜெயித்த கையோடு ஹெர்மன் பந்தயத்துக்கே கும்பிடு போட்டுவிட்டார். இத்தனையும் பத்து சென்டிமீட்டர் பொருளுக்குள் இருக்கிறது. அதைப் போய் ஃபிக்ஸட் டெபாசிட் ரசீது மாதிரி பூட்டி வைத்திருக்கிறீர்களே, நியாயமா?

பாதுகாக்கிறோம் என்பார்கள். எதிலிருந்து? டைகாஸ்ட் என்பது பெரும்பாலும் துத்தநாகக் கலவை. அதில் ஈயம் கொஞ்சம் கலந்துவிட்டால் போதும், வருஷக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே அரித்து, உப்பி, விரிசல் விட்டு, பிஸ்கட் மாதிரி உதிரும். 1930களின் டிங்கி கார்கள் பல இப்படித்தான் போய்ச்சேர்ந்தன. உள்ளேயிருந்து வருகிற நோய்க்கு வெளியே ஒட்டிய சீல் என்ன செய்யும்? மென்மையான டயர்கள் பல வருஷம் அசையாமல் நின்று, அடியிலுள்ள பிளாஸ்டிக்கைத் தின்று ஒட்டிக்கொள்வதும் உண்டு. திறந்து பார்க்கிறவனுக்கு முதல் விரிசலாவது தெரியும்.

காரை வெளியே எடுங்கள். படம் எடுங்கள். பெரிய கேமரா வேண்டாம். சொல்லப்போனால் செல்போன்தான் தோது. அதன் சென்ஸார் சிறியது என்பதால் மூக்கிலிருந்து வால் வரை ஓரளவு தெளிவாக விழும். பெரிய கேமராவில் அபெர்ச்சரைத் திறந்து வைத்துக்கொண்டு கிட்டே போனால் முன்சக்கரம் மட்டும் தெளிவு, மற்றதெல்லாம் மங்கல். பார்த்ததுமே பொம்மை என்று தெரிந்துவிடும். நிற்கிற ஆளின் கண் 160 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். 43ஆல் வகுத்தால் நாலு சென்டிமீட்டர்கூட வராது. லென்ஸ் அவ்வளவு தாழ்வாகப் போகணும். போனைத் தலைகீழாகப் பிடித்தால் போய்விடும். சாலைக்கு உப்புத்தாள். மொட்டை மாடியில் மாலை வெயில் சும்மாவே கிடைக்கிறது.

ஆனால் மழை இல்லாமல் 1970 வராது. ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் அடித்தால் கூரையில் நிற்கிற 3 மில்லிமீட்டர் துளி, காரின் கணக்கில் 13 சென்டிமீட்டர். உரித்த தேங்காய் அளவு! தண்ணீரை 43 மடங்கு சுருக்க யாராலும் முடியாது. அதனால் கூரையை விட்டுவிட்டுத் தரையை மட்டும் நனைத்து, அந்தப் பளபளப்பிலேயே மழையைச் சொல்லியாக வேண்டும். இந்த அவஸ்தையில்தான் காரை முதல்முதலாக ஒழுங்காகப் பார்க்கிறோம். ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம் இருப்பது அப்போதுதான் கண்ணில் படும்.

இல்லாததும் கண்ணில் படும். 1988இல் சென்னாவும் ப்ரோஸ்டும் ஓட்டி, 16 பந்தயங்களில் 15ஐ ஜெயித்த மெக்லாரன் எம்பி4/4. அதன் மாடல்கள் பலவற்றில் மார்ல்பரோ என்ற எழுத்தே இருக்காது. சிவப்பும் வெள்ளையும் அப்படியே இருக்கும், பெயர் இருந்த இடம் மட்டும் மொட்டை. புகையிலை விளம்பரத் தடைகள் செய்த வேலை. சிகரெட் கம்பெனிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அந்தக் காசில் அந்த விளையாட்டு ஓடியது நடந்த சங்கதி. எழுத்தை அழித்தால் அது நடக்காமல் போய்விடுமா? அந்த எழுத்துகளைத் தனியாக வாங்கி, தண்ணீரில் ஊறவைத்து, இடுக்கியால் பிடித்து ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பெட்டிக்காரர்களோ ‘ஒரிஜினாலிட்டி போச்சு’ என்று திட்டுகிறார்கள். எதுய்யா ஒரிஜினல்? ஃபேக்டரியிலிருந்து வந்ததா, டிராக்கில் ஓடியதா?

அமெரிக்காவில் மைக்கேல் பால் ஸ்மித் என்றொருவர் இருந்தார். 1:24 டைகாஸ்ட் கார்களை ஒரு சிறு மேசைமேல் வைத்து, பின்னால் நிஜ மரமும் நிஜ வானமும் விழும்படி, சாதாரணக் கேமராவில் எடுத்தார். எல்ஜின் பார்க் என்று இல்லாத ஊர் ஒன்று அந்தப் படங்களில் உண்டானது. மூடிய பெட்டிகளை வைத்து அவர் எந்த ஊரைக் கட்டியிருப்பார்?

வாங்கி விற்பது உங்கள் பிழைப்பு என்றால் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. தாராளமாக விற்று வாடகை கட்டுங்கள். ஆனால் ஒரு பையன் கைக்காசை மிச்சம் பிடித்து ஒரே ஒரு 917 வாங்கி, பிரித்து, மாடியில் வைத்துப் படமெடுத்துப் போட்டால், ‘ஐயோ தம்பி, பிரிச்சிட்டியே’ என்று துக்கம் விசாரிக்க வராதீர்கள். ஏதாவது சொல்லித்தான் ஆகணும் என்றால், லென்ஸை இன்னும் ஒரு சென்டிமீட்டர் இறக்கச் சொல்லுங்கள்.