பீடத்தில் முதலில் எழுதுங்கள்

தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டதும் தமிழகத்தின் நாற்சந்திகளில் ஒரு காட்சி தவறாமல் நடக்கும். ஏணியும் துணியுமாக வரும் ஊழியர்கள், தலைவர்களின் சிலைகளை உச்சி முதல் இடுப்புவரை சுற்றிக் கயிற்றால் கட்டிவிட்டுப் போவார்கள். சுவர் விளம்பரத்துக்கு வெள்ளையடிப்பதும் சிலையை மூடுவதும் ஒரே நடத்தை விதியின் பெயரால்தான். நம் சிலைகளில் பலவும் நினைவுச் சின்னங்களா, வெண்கலத்தில் வார்த்த சுவரொட்டிகளா என்ற கேள்விக்கு அந்தத் துணியே பதில்.

யாருக்குச் சிலை என்பதை இங்கே ஊர் முடிவு செய்வதில்லை. ஆளும் கட்சி முடிவு செய்கிறது, அல்லது வாக்குகளைக் கையில் வைத்திருப்பதாகச் சொல்லும் சாதிச் சங்கம். காலம் கனியட்டும் என்ற பொறுமையும் கிடையாது. சென்னையில் காமராஜர் சிலையை 1961இல் நேரு திறந்தபோது காமராஜர் முதல்வர். 1968இல் அண்ணா சிலை எழுந்தபோது அண்ணா முதல்வர். அவர்களின் தகுதியை யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. ஆனால், வழக்கம் அங்கேதான் வேர்விட்டது. சென்னை அண்ணா சாலையில் வாழும் காலத்திலேயே வைக்கப்பட்ட கருணாநிதி சிலை, 1987இல் எம்.ஜி.ஆர். மறைவையொட்டிய கலவரத்தில் உடைபட்டது. கட்சி வைத்ததை எதிர்க்கட்சிக்காரன் கடப்பாரையோடு தேடி வருவான் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

இதைவிட நிதானமாக யோசித்த காலமும் இந்த நகரத்துக்கு உண்டு. மவுண்ட் ரோடு எனப்பட்ட அதே சாலையில் அன்று சிலையாக நின்ற கர்னல் நீல், 1857 கிளர்ச்சியின்போது அலகாபாத்திலும் கான்பூரிலும் கொடூரமாகப் பழிவாங்கியவர். தூக்கில் போடுமுன் கைதிகளைத் தரையில் உறைந்த ரத்தத்தை நக்கவைத்தவர். அந்தச் சிலையை அகற்றக் கோரி 1927இல் சத்தியாகிரகம் நடந்தது. தொண்டர்கள் சிறை சென்றார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 1937இல் ராஜாஜி அரசு வந்தபின் சிலை சாலையைவிட்டு நகர்ந்தது. கடைசியில் எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஒதுங்கியது. ஆனால், தீவுத்திடலருகே 1839 முதல் குதிரைமேல் அமர்ந்திருக்கும் தாமஸ் மன்றோ இன்றும் அங்கேயே இருக்கிறார். இருவருமே வெள்ளையர், இருவருமே ராணுவத்தார். ஊர் பார்த்தது தோலை அல்ல, செய்த காரியத்தை.

தென் மாவட்டங்களில் யாருக்குச் சிலை, யார் பெயர் என்ற கேள்வி உயிர்ப் பிரச்சினை. ஒரு போக்குவரத்துக் கழகத்துக்குத் தலைவர் ஒருவரின் பெயரைச் சூட்டியதால் மூண்ட சாதி மோதலுக்குப் பிறகு, 1997இல் மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு ஒட்டுமொத்தமாக நீக்கியது. சிலைகள் மட்டும் தங்கிவிட்டன, கம்பிக் கூண்டுகளுக்குள். துருப்பிடித்த பூட்டு, போன ஜெயந்திக்குப் போட்ட மாலையின் நார், காவலுக்கு ஒரு போலீஸ்காரர். (அம்பேத்கர் கூண்டுக்குள் நிற்பது அவரைப் பொறுக்காத ஊர்களின் வெட்கம், அதை மற்றவர்களின் கணக்கோடு சேர்க்கக் கூடாது.)

சாலையிலும் நடைபாதையிலும் சிலைகளுக்கு அனுமதி தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் உத்தரவிட்டது. போக்குவரத்துக்கு இடையூறு என்று சென்னைக் கடற்கரைச் சாலையிலிருந்த நடிகர் சிவாஜி கணேசன் சிலை 2017இல் அடையாறு மணிமண்டபத்துக்குப் போனது. நீதிமன்றம் கேட்பது 'எங்கே' என்ற கேள்வியை. 'யாருக்கு, ஏன்' என்று கேட்க வேண்டியது நாம்.

எனவே, நாம் வலியுறுத்துவது இதுதான்: மறைந்து 25 ஆண்டுகள் ஆகாத எவருக்கும் பொது இடத்தில் சிலை வேண்டாம். சிற்பியிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன், பீடத்தில் பொறிக்கப்போகும் வாசகத்தை நகர்மன்றத்திலோ கிராம சபையிலோ வாசியுங்கள். சிலைக்குரியவர் என்ன செய்தார், அதனால் யாருக்கு என்ன கிடைத்தது என்பது மூன்று வரியில் இருக்கட்டும். ஆட்சேபம் கேளுங்கள். இன்றைய கல்வெட்டுகளில் திறந்துவைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர் போக, நிற்பவரைப் பற்றி ஒரு வரியும் மிஞ்சுவதில்லை.

இந்த விதி ஒடுக்கப்பட்டோரின் தலைவர்களைத் தள்ளிவைக்குமே என்பார்கள். அயோத்திதாசப் பண்டிதர் மறைந்தது 1914இல். சென்னையில் அவருக்கு மணிமண்டபமும் சிலையும் வந்தது 2023இல். விதியே இல்லாத காலத்தில்தான் அவர் நூறாண்டுக்கு மேல் காத்திருந்தார்.

தேனி மாவட்டம் லோயர் கேம்பில் 2013இல் பென்னிகுயிக்குக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டபோது அவர் மறைந்து நூறாண்டு கடந்திருந்தது. அவருக்குச் சாதிச் சங்கமும் இல்லை, கட்சியும் இல்லை. கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் அதற்கு வெகுகாலம் முன்பே அவர் படத்தை வீட்டில் மாட்டியிருந்தார்கள். அவர் பீடத்துக்கு மூன்று வரிகூட வேண்டாம்: முல்லைப் பெரியாறு அணை, 1895.